ஆசிரியர் குறிப்பில் எதை எழுதுவது? லொரெயின் ஹான்ஸ்பெரி பற்றி ஓர் இழை

வேப்பம்பூ

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வாசிப்பு வட்டத்தில் அடுத்த மாதம் அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் லொரெயின் ஹான்ஸ்பெரியின் ‘எ ரெய்சின் இன் த சன்’ நாடகத்தைத் தமிழில் வாசிக்கப்போகிறோம். மேடையெல்லாம் இல்லை. ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, தாளைப் பார்த்து வாசிப்பதுதான். மொழிபெயர்ப்பை நாலு பேர் பங்குபோட்டுச் செய்தோம். வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு பக்க ஆசிரியர் குறிப்பு வேண்டும். அது என் பொறுப்பு.

பாதிப் பக்கம் சிரமமில்லாமல் வந்துவிட்டது. 1930 மே 19, சிகாகோவில் பிறப்பு. நாலு பிள்ளைகளில் கடைக்குட்டி. 1959 மார்ச் 11 அன்று நியூயார்க்கின் எத்தல் பேரிமோர் அரங்கில் நாடகம் அரங்கேறியபோது அவருக்கு வயது 28. கறுப்பினப் பெண் ஒருவர் எழுதி, நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளான பிராட்வேக்கு வந்த முதல் நாடகம் அதுதான். இயக்கிய லாயிட் ரிச்சர்ட்ஸும் கறுப்பினத்தவர். சிட்னி பாய்ட்டியே, ரூபி டீ, கிளாடியா மெக்நீல், டயானா சாண்ட்ஸ் நடித்தார்கள். 530 காட்சிகள் ஓடியது. அந்த வருடத்தின் நியூயார்க் நாடக விமர்சகர் வட்ட விருதும் கிடைத்தது. 1965 ஜனவரி 12 அன்று புற்றுநோயால் இறந்தார், 34 வயதில்.

சிக்கல் அடுத்த பாதியில். அவர் பெண்களை நேசித்த பெண் என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். வட்டத்தில் இரண்டு பேர் அதை எடுத்துவிடச் சொல்கிறார்கள். “நாடகத்தில் அப்படி ஒன்றுமே இல்லையே, பிறகு அது எதற்கு?” என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் கேட்ட இடத்தில் பதிலும் வாயில் வரவில்லை. நாடகம் தெரிந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள், சொல்லுங்கள்.

திரைச்சீலை

வேப்பம்பூ, முதலில் மொழிபெயர்ப்பு பற்றி ஒன்று கேட்கிறேன்மா. நாடகத்தில் வருகிற கறுப்பின யங்கர் குடும்பம் இருக்கிற வீட்டை என்ன வார்த்தையில் சொல்லியிருக்கிறீர்கள்? சிகாகோவின் தெற்குப் பகுதியில் அதற்கு ‘கிட்சனெட்’ என்று பேர். ஒரு பெரிய ஃப்ளாட்டைத் தடுத்துத் தடுத்து, ஒவ்வொரு துண்டிலும் ஒரு அடுப்பை வைத்து, ஒரு குடும்பத்தைக் குடிவைத்துவிடுவார்கள். குளியலறை நடைக்கு வெளியே, எல்லோருக்கும் பொது. நாடகம் தொடங்கும்போதே காலையில் யார் முந்திக்கொண்டு குளியலறைக்குப் போவது என்ற அவசரத்தில்தானே தொடங்குகிறது! பையன் டிராவிஸ் ஹாலில் சோபாவில்தான் தூங்குகிறான். ‘அடுக்குமாடிக் குடியிருப்பு’ என்று போட்டால் எல்லாம் போச்சு. ஒண்டுக்குடித்தனம் என்று போடுங்கள். அந்த ஒரு சொல்லில் குழாயடி, வரிசை, பக்கத்து வீட்டு இருமல் எல்லாம் வந்துவிடும்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது, குறிப்பில் அவசியம் வரணும். லொரெயினின் அப்பா கார்ல் ஹான்ஸ்பெரி பணக்காரர். அந்தப் பணம் வந்ததே கிட்சனெட் தொழிலில்தான். ஒண்டுக்குடித்தனக்காரர்களின் வாடகையில் வளர்ந்த பெண், ஒண்டுக்குடித்தனத்தை உள்ளேயிருந்து பார்த்து எழுதியிருக்கிறாள். ஐந்து வயதில் கிறிஸ்துமஸுக்கு வெள்ளை நிற ரோமக் கோட்டு வாங்கிக் கொடுத்தார்களாம். அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனதும் மற்ற பிள்ளைகள் அடித்துவிட்டார்கள். லொரெயினுக்குக் கோபம் வந்தது கோட்டின் மேல்தான், அடித்த பிள்ளைகள் மேல் இல்லை. வீட்டுச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்த அந்தப் பிள்ளைகளைப் பார்த்து ஆசைப்பட்டதாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு அப்புறம் வருகிறேன். நானும் யோசிக்கணும்.

சட்டப்புத்தகம்

வீடு என்றதும் வந்துவிட்டேன். ‘ஹான்ஸ்பெரி எதிர் லீ’ வழக்கைச் சட்டக் கல்லூரியில் படித்தவர்களில் பாதிப் பேருக்கு அது இந்த ஹான்ஸ்பெரியின் அப்பா நடத்திய வழக்கு என்று தெரியாது. எனக்கும் ரொம்ப நாள் தெரியாது.

1937-இல் கார்ல் ஹான்ஸ்பெரி சவுத் ரோட்ஸ் அவென்யூவில் 6140-ஆம் எண் வீட்டை வாங்கினார். அந்தத் தெருக்காரர்கள் ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டிருந்தார்கள்: கறுப்பினத்தவருக்கு விற்கவும் கூடாது, வாடகைக்கு விடவும் கூடாது. குடிவந்ததும் வெள்ளையர் கூட்டம் திரண்டது. ஜன்னல் வழியாக எறிந்த கல் சின்னப் பெண் லொரெயின் தலையில் படாமல் மயிரிழையில் தப்பியது. அப்பா வழக்குக்காக வாஷிங்டனில் இருந்த நாட்களில் அம்மா நேனி இரவெல்லாம் கையில் தோட்டா நிரப்பிய ஜெர்மன் லூகர் துப்பாக்கியோடு வீட்டைக் காவல்காத்தார். இதை லொரெயினே 1964-இல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

இல்லினாய் உச்ச நீதிமன்றம் வீட்டைவிட்டு வெளியேறச் சொன்னது. 1940 நவம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆனால் எதை வைத்து ரத்து செய்தது என்று பாருங்கள். அந்த ஒப்பந்தம் செல்லுபடியாக, தெருவின் முகப்பு நீளத்தில் 95 சதவீதத்துக்கு உரியவர்கள் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். உண்மையில் போட்டவர்கள் சுமார் 54 சதவீதம்தான். முந்தைய ஒரு வழக்கில் 95 போட்டாயிற்று என்று தீர்ப்பாகிவிட்டதால் அது உங்களையும் கட்டுப்படுத்தும் என்று எதிர்த்தரப்பு வாதாடியது. அந்த வழக்கில் தரப்பாக இல்லாதவரை, அவர் நலனுக்கு எதிரானவர்கள் நடத்திய வழக்கின் தீர்ப்பு கட்டுப்படுத்தாது என்றது உச்ச நீதிமன்றம். அவ்வளவுதான். இனத்தைச் சொல்லி வீடு மறுப்பது சரியா தவறா என்ற கேள்வியைத் தொடவேயில்லை. அப்படிப்பட்ட ஒப்பந்தங்களை நீதிமன்றம் அமல்படுத்தாது என்று ‘ஷெல்லி எதிர் கிரேமர்’ வழக்கில் சொல்ல 1948 ஆகிவிட்டது. அதைப் பார்க்கக் கார்ல் இல்லை. 1946-இல் மெக்சிகோவில் இறந்துவிட்டார். குடும்பத்தையே அங்கே கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று ஏற்பாடு செய்துகொண்டிருந்த நேரம்.

வழக்கில் ஜெயித்தவரே அந்த நாட்டை விட்டுப் போக நினைத்தார் என்பதை என்னால் லேசாகக் கடந்துபோக முடியவில்லை.

கோவை வாசகன்

வேப்பம்பூ சொன்ன அந்த இருவர் பக்கம் நின்று பேசுகிறேன். யாரையும் இழிவாகச் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மேலே இரண்டு பேர் எழுதியதைப் பாருங்கள். வீடு, வழக்கு, கல், துப்பாக்கி. இதெல்லாம் நேராக நாடகத்துக்குள் போகிறது. இறந்துபோன அப்பா பெரிய வால்டரின் காப்பீட்டுப் பணம் 10,000 டாலர், அம்மா லீனா வெள்ளையர் பகுதியான கிளைபோர்ன் பார்க்கில் வீட்டுக்கு முன்பணம் கட்டுவது, வராதீர்கள் என்று சொல்லிப் பணம் கொடுக்க அந்தப் பகுதிக்காரர் லிண்ட்னர் வந்து நிற்பது எல்லாவற்றுக்கும் வேர் அங்கே இருக்கிறது. ஆனால் அவர் யாரை நேசித்தார் என்பது அவருடைய சொந்த விஷயம். அவர் உயிரோடு இருந்தவரை வெளியில் சொல்லவில்லை. ராபர்ட் நெமிராஃப் என்பவரை 1953-இல் கல்யாணமும் செய்துகொண்டார். சொல்லாமல் போனவரின் கதவை நாம் திறப்பது நியாயமா? என் கேள்வி அவ்வளவுதான்.

நிழல்மரம்

கோவை வாசகன் அண்ணா, கேள்வியை மரியாதையாகக் கேட்டிருக்கிறீர்கள். அதனால் நிதானமாகவே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

“வெளியில் சொல்லவில்லை” என்பது சரியில்லை. சொன்னார். 1957-இல் அச்சில் சொன்னார். சான்பிரான்சிஸ்கோவில் ‘டாட்டர்ஸ் ஆஃப் பிலிட்டிஸ்’ என்று ஓர் அமைப்பு 1955-இல் தொடங்கியது. அமெரிக்காவில் பெண்களை நேசிக்கும் பெண்களுக்கான முதல் அமைப்பு. அடுத்த வருடம் ‘த லேடர்’ என்று ஒரு பத்திரிகை கொண்டுவந்தார்கள். இது எந்தக் காலம்? அதிபர் ஐசன்ஹோவர் 1953-இல் போட்ட ஆணைப்படி தன்பாலீர்ப்பு உள்ளவர் என்று தெரிந்தாலே மத்திய அரசு வேலை போய்விடும். சந்தா கட்டவே பயப்பட்ட பெண்களுக்காக, உங்கள் பெயர் எங்களிடம் பத்திரமாக இருக்கும் என்று இரண்டாவது இதழிலேயே எழுதவேண்டியிருந்தது. அந்தப் பத்திரிகைக்கு லொரெயின் எழுதிய இரண்டு கடிதங்கள் 1957 மே, ஆகஸ்ட் இதழ்களில் வந்தன. ஒன்றின் கீழ் எல்.எச்.என்., மற்றதன் கீழ் எல்.என். லொரெயின் ஹான்ஸ்பெரி நெமிராஃப். புனைபெயர் வைத்துக்கொள்ளத் தெரியாதவர் இல்லை. எமிலி ஜோன்ஸ் என்ற பெயரில் பெண்கள் பெண்களை நேசிக்கும் சிறுகதைகள் எழுதி வெளியிட்டவர்தான். கடிதத்துக்கு மட்டும் சொந்த முதலெழுத்துகளையே வைத்தார்.

எழுதியது என்ன? கல்யாணமாகிவிட்ட பிறகு தன்னை அறிந்துகொள்ளும் பெண்களைப் பற்றி எழுதினார். சம்பாதிக்க வழியில்லாத பெண் அந்தக் கல்யாணத்தை விட்டு எப்படி வெளியே வருவாள் என்று பொருளாதாரத்தை வைத்து யோசித்தார். ஆகஸ்ட் கடிதத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார். தன்பாலீர்ப்பைச் சமூகம் வெறுப்பதற்கு அறியாமை மட்டும் காரணமில்லை, அடியில் கிடப்பது பெண்களைக் கீழே வைக்கும் கொள்கை என்றார். 1957-இல்! அந்த வரியை எழுதிய அதே மேசையில்தான் ‘ரெய்சின்’ எழுதப்பட்டது. அந்த நாடகத்தில் டாக்டராக வேண்டும் என்று அடம்பிடிக்கும் தங்கை பெனீதா வருகிறாளே, போய்க் கல்யாணம் பண்ணிக்கொள் என்று அண்ணன் சொல்ல எதிர்த்து நிற்கிறாளே, அவள் எட்டு வருடத்துக்கு முந்திய நான்தான் என்று லொரெயினே சொல்லியிருக்கிறார். வீட்டைப் பற்றி எழுதியதும் பெண்ணைப் பற்றி எழுதியதும் ஒரே மூளை. ஒன்றை மட்டும் எடுத்துவைத்து இன்னொன்றை மறைத்தால் முதலாவதும் பாதிதான் புரியும்.

“நாடகத்தில் ஒன்றுமில்லை” என்பதற்கும் ஒரு பதில். ‘ரெய்சின்’ மட்டுமா அவர் எழுதினார்? 1964 அக்டோபரில் வந்த ‘த சைன் இன் சிட்னி பிரஸ்டீன்ஸ் விண்டோ’வில் டேவிட் என்ற தன்பாலீர்ப்புள்ள நாடக ஆசிரியர் இருக்கிறார். லொரெயின் இறந்தபின் 1970-இல் மேடையேறிய ‘லே பிளாங்க்’ நாடகத்தில் எரிக் இருக்கிறான், அவனும் அப்படித்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் படித்த இடத்தில் ‘ரெய்சின்’ பாடமாக இருந்தது. ஒரு பருவம் முழுக்க நடத்தினார்கள். இந்த ஒரு விஷயத்தை யாரும் வாயே திறக்கவில்லை. அப்போது எனக்கு வயது 20. தெரிந்திருந்தால் அந்த வருடம் எனக்கு வேறு மாதிரி போயிருக்கும்.

வேப்பம்பூ

நிழல்மரம், இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. நன்றி.

பெனீதா பற்றிச் சொன்னதும் ஞாபகம் வந்தது. நீட்டி நேராக்கியிருந்த முடியை வெட்டிவிட்டு இயற்கையான முடியோடு அவள் வந்து நிற்கும் காட்சியை 1959 மேடையில் எடுத்துவிட்டார்கள். பின்னால் வந்த பதிப்புகளில்தான் சேர்ந்தது. எங்கள் மொழிபெயர்ப்பில் அது இருக்கிறது.

கடல்தாண்டி

வணக்கம் எல்லாருக்கும். நான் டொரொண்டோவில இருக்கிறன். 2022 ஜூன் மாதம் நியூயோர்க் போனபோது டைம்ஸ் ஸ்குவயரில லொரெயின்ர சிலையைப் பார்த்தனான். அலிசன் சார் எண்ட சிற்பி செய்தது. லொரெயின் இருக்கிறா, அவவைச் சுற்றி ஐஞ்சு வெண்கலக் கதிரை (நாற்காலி). சனம் வந்து அதில இருக்கலாம், அதுக்காகத்தான் வைச்சிருக்கினம். நான் போன நேரம் ஒரு கறுப்பினத் தாயும் மகளும் இருந்தவை. மகள் சிலையின்ர கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தவள். அவையள் எழும்பும் மட்டும் காத்திருந்து பிறகு நானும் இருந்தன். வெயிலில கதிரை நல்லாச் சுட்டது. அது இண்டைக்கும் ஞாபகம்.

கோவை வாசகன் அண்ணைக்கு நான் சொல்ல விரும்புறது வேற. அவ பயந்து ஒளிஞ்சிருந்த ஆள் இல்லை. 20 வயதில நியூயோர்க் வந்து, கறுப்பினப் பாடகர் போல் (பால்) ரோப்சன்ர ‘ஃப்ரீடம்’ பத்திரிகையில வேலை செய்தவ. 1952-இல ரோப்சனுக்குப் பாஸ்போர்ட் இல்லையெண்டு, அவருக்குப் பதிலா உருகுவேயில நடந்த சமாதான மாநாட்டுக்குப் போனவ. திரும்பி வந்ததும் அவவின்ர பாஸ்போர்ட்டும் பறிபோயிட்டுது. அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. அவவைப் பற்றி ஆயிரம் பக்கத்துக்கு மேல கோப்பு வைச்சிருந்தது. ‘ரெய்சின்’ ஃபிலடெல்ஃபியாவில போகேக்க, அதில கொம்யூனிசம் இருக்கோ எண்டு பார்க்க ஆள் அனுப்பினவங்கள்.

1963 மே 24. ராபர்ட் கென்னடி, அப்ப அவர் சட்ட அமைச்சர் மாதிரி, கறுப்பினக் கலைஞர்களைக் கதைக்கக் கூப்பிட்டவர். எழுத்தாளர் ஜேம்ஸ் போல்ட்வின், பாடகர்கள் லீனா ஹோர்ன், ஹாரி பெலஃபொன்டே எல்லாரும் இருந்தவை. ஜெரோம் ஸ்மித் எண்டு ஒரு பெடியன், தெற்கில போராடி அடிவாங்கி உடம்பெல்லாம் காயம் பட்டவன், அவன் கோபமாக் கதைக்க கென்னடி முகத்தை மற்றவையின்ர பக்கம் திருப்பினவர். லொரெயின் சொன்னது என்ன தெரியுமோ? இந்த அறையில நீங்கள் கேக்கவேண்டியது இவன்ர குரலைத்தான் எண்டு. கடைசியில எழும்பி வெளியால போனது அவதான், மற்றவை பின்னால போனவை. அப்பவே புற்றுநோய் வருத்தம் தொடங்கியிட்டுது அவவுக்கு.

கோவை வாசகன்

1957 கடிதங்கள் பற்றி உண்மையிலேயே எனக்குத் தெரியாது. இறந்த பிறகு யாரோ தோண்டி எடுத்தது என்று நினைத்திருந்தேன். அந்த அளவில் நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒரு கேள்வி பாக்கி. அச்சில் வந்த விஷயம் என்றால் ஏன் இத்தனை வருடம் யாருக்கும் தெரியவில்லை?

நிழல்மரம்

தெரிந்தவர்களுக்கு 1970களின் பிற்பகுதியிலேயே தெரியும். கையெழுத்துத் தாள்கள்தான் யார் கண்ணுக்கும் படவில்லை. நெமிராஃப் லொரெயினின் தாள்கள் அத்தனையையும் காத்தார். அவை நியூயார்க்கின் ஹார்லெமில் உள்ள ஷோம்பர்க் ஆய்வு மையத்துக்குப் போயின. ஆனால் தன்பாலீர்ப்பு சம்பந்தப்பட்டவற்றை மட்டும் பிரித்து, ஆய்வாளர்களும் பார்க்க முடியாதபடி பூட்டிவைத்தார்கள். 1991-இல் நெமிராஃப் இறந்த பிறகும் திறக்கவில்லை. 2013 வாக்கில்தான் திறந்தது. புரூக்ளின் அருங்காட்சியகம் ‘லேடர்’ கடிதங்களை வைத்துக் கண்காட்சி நடத்தியதும் அப்போதுதான். ஏறக்குறைய ஐம்பது வருடம்! லொரெயின் எரிக்காமல் வைத்திருந்த தாள்களை இன்னொருவர் பூட்டினார்.

திரைச்சீலை

நிழல்மரம், பூட்டியது தப்பு. அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் நெமிராஃபை வெறும் பூட்டுக்காரராக மட்டும் சொல்லிவிடாதேம்மா.

அவர்கள் பழகியது மறியல் போராட்டத்தில். கல்யாணத்துக்கு முந்தின நாள், சோவியத்துக்கு உளவு பார்த்ததாகத் தீர்ப்பான ரோசன்பர்க் தம்பதிக்கு மரண தண்டனை. இருவரும் அதை எதிர்த்து நின்றுவிட்டுத்தான் மறுநாள் மணமேடைக்கு வந்தார்கள். 1956-இல் நெமிராஃப் சேர்ந்து எழுதிய ‘சிண்டி, ஓ சிண்டி’ என்ற பாட்டு நன்றாக ஓடியது. அந்தப் பணத்தில்தான் லொரெயின் மற்ற வேலைகளை விட்டுவிட்டு முழுநேரமும் எழுத உட்கார்ந்தார். எழுதிக்கொண்டிருந்த நாடகம் பிடிக்காமல் ஒரு நாள் தாள்களைத் தூக்கி எறிந்தபோது பொறுக்கி எடுத்து வைத்ததும் அவர்தான். 1957-இலேயே பிரிந்துவிட்டார்கள், 1964-இல் விவாகரத்து. ஆனாலும் உயில் அவர் பெயரில், கடைசிவரை பக்கத்தில் இருந்ததும் அவர். லொரெயின் இறந்தபின் தாள்களைத் தொகுத்து ‘டு பீ யங், கிஃப்டட் அண்ட் பிளாக்’ நாடகத்தை மேடையேற்றினார், ‘லே பிளாங்க்’கை முடித்துக் கொடுத்தார். அந்த ஆள் இல்லாவிட்டால் இன்று நம் கையில் பாதி இருக்காது. நாடகக்காரன் என்ற முறையில் சொல்கிறேன், எழுத்தைப் பொறுக்கி வைக்கிறவர்கள் ரொம்பக் குறைவு.

பூட்டின கையும் பொறுக்கின கையும் ஒன்றாக இருப்பதுதான் எனக்கு நெஞ்சை அடைக்கிறது.

நிழல்மரம்

ஐயா, ஒத்துக்கொள்கிறேன். நீங்கள் சொன்ன நாடகத் தலைப்பு லொரெயின் 1964 மே மாதம் பேசியதிலிருந்து வந்தது. எழுத்துப் போட்டியில் ஜெயித்த கறுப்பின மாணவர்களுக்காக, மருத்துவமனையிலிருந்து எழுந்து போய்ப் பேசினார். அதே சொற்களை வைத்துத்தான் அவர் தோழி நீனா சிமோன் பாட்டுப் போட்டார். நீனாவின் மகளுக்கு லொரெயின் ஞானத்தாய்.

பூட்டியிருந்த தாள்களில் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 1960 ஏப்ரல் 1 தேதியிட்டது. பிடித்தவை என்று ஒரு பட்டியல், பிடிக்காதவை என்று ஒரு பட்டியல். ‘ரெய்சின்’ அடைந்த புகழ் உச்சியில் இருக்கிற நேரம். பிடித்தவற்றில் மஹேலியா ஜாக்சனின் இசை இருக்கிறது, கணவர் இருக்கிறார் (பெரும்பாலான நேரம் என்ற சேர்க்கையோடு), முதல் மடக்கு ஸ்காட்ச் இருக்கிறது. பிடிக்காதவற்றில் மேடையில் பேசக் கூப்பிடுவது, வந்து குவியும் கடிதங்கள், தனிமை, இனவெறி. ‘என் தன்பாலீர்ப்பு’ என்ற வரி மட்டும் இரண்டு பட்டியலிலும் இருக்கிறது.

முதன்முதல் படித்தபோது தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். யாரோ என் டைரியைத் திறந்து வாசித்த மாதிரி இருந்தது.

கடல்தாண்டி

ரெண்டு பட்டியலிலயும்... நான் இதை அறியேல்லை. வேப்பம்பூ, இதைக் குறிப்பில போடுவீங்களோ?

வேப்பம்பூ

இல்லை அக்கா, பட்டியலைப் போடவில்லை. அது அவர் தனக்கு எழுதிக்கொண்டது. இந்த இடத்தில் கோவை வாசகன் முதலில் சொன்னதில் பாதி சரி என்று படுகிறது. கூட வாழ்ந்த பெண்களின் பெயர்களும் வேண்டாம். அவராக அச்சுக்கு அனுப்பிய 1957 கடிதங்களைப் போடுகிறேன், கதைகளையும் போடுகிறேன்.

சொல் விஷயத்திலும் நேற்று வட்டத்தில் ஒரு மணிநேரம் போயிற்று. ஒருவர் ‘லெஸ்பியன்’ என்றே போடு என்றார். இன்னொருவர், அதைப் பத்திரிகைக் கிசுகிசுவில் மட்டுமே பார்த்துப் பழகிய அம்மாக்கள் வருவார்கள், முகம் சுளிப்பார்கள் என்றார். ‘தன்பாலீர்ப்பு’ என்றால் பாடப்புத்தகம் போல இருக்கிறது என்றது மூன்றாவது குரல். கடைசியில் “பெண்களை நேசித்த பெண், லெஸ்பியன்” என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருக்கிறோம்.

சட்டப்புத்தகம்

நல்ல முடிவு. இறுதிச் சடங்கைப் பற்றியும் ஒரு வரி சேருங்கள். 1965 ஜனவரி 15, ஹார்லெமில் பனிப்புயல். அந்தப் பனியிலும் தேவாலயம் நிறைந்தது. பால் ரோப்சன் பேசினார். கறுப்பின உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸ் வந்திருந்தார், ஐந்து வாரம் கழித்து அவரையே கொன்றுவிட்டார்கள்.

கோவை வாசகன்

வேப்பம்பூ, பெயர்களை விட்டதற்கு நன்றி. என்னுடைய தயக்கம் முழுசாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஆகஸ்ட் கடிதத்தின் வாதம் நாடகத்தைப் படிக்கிற விதத்தை மாற்றுகிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். நேற்று ராத்திரி, பெனீதாவின் அண்ணி ரூத் வரும் இடங்களை மட்டும் திரும்ப எடுத்துப் படித்தேன். கர்ப்பமாக இருப்பவள், இந்த வீட்டில் இன்னொரு பிள்ளைக்கு இடமில்லை என்று கருவைக் கலைக்கிறவளுக்கு 5 டாலர் முன்பணம் கொடுத்துவிட்டு வருகிறாள். யாரிடமும் கேட்கவில்லை. முன்னே படித்தபோது இதை வறுமை என்று மட்டும் தாண்டிப் போயிருந்தேன்.

வாசிப்பு எந்த ஊரில்? கோவைப் பக்கம் என்றால் வருகிறேன்.

வேப்பம்பூ

மதுரை அண்ணா. தனிமடலில் முகவரி அனுப்புகிறேன், கட்டாயம் வாருங்கள். ரூத் பாத்திரத்தை வாசிக்கிறவர் உங்கள் பதிவைப் பார்த்துவிட்டு, அந்த 5 டாலர் இடத்தில் குரலை எப்படி வைப்பது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

திரைச்சீலை ஐயா, ஒண்டுக்குடித்தனம் உள்ளே போய்விட்டது. இன்னும் ஒரே ஒரு சந்தேகம். கடைசியில் எல்லோரும் இறங்கிப் போனபின் லீனா தனியாகத் திரும்பி வந்து அந்த நோஞ்சான் செடியை எடுத்துக்கொண்டு போகிறாளே, அதைப் ‘பூந்தொட்டி’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பூக்கவே பூக்காத செடி அது. ‘தொட்டிச்செடி’ என்று மாற்றிவிடட்டுமா?

திரைச்சீலை

மாற்று. அதை எடுக்க அவள் திரும்பி வரும்போது கொஞ்ச நேரம் யாரும் எதுவும் வாசிக்க வேண்டாம். வெறும் சத்தமில்லாமல் இருக்கட்டும்.